கடைசியாகக் கை வைத்த இடம்

கண்ணு,

இதைப் பஸ்ஸில் போகும்போது படிக்காதே. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி. முப்பது வருஷமாக எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டு எழுதியதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். வந்த குறை, பார்த்த வேலை, மாற்றிய சாமான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த எழுத்து. போனில் சொல்லிவிடலாம் என்று நாலு நாளாக முயன்றேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அங்கே குளிரா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். வாயால் சொல்லத் துப்பில்லாதவன் கையால் எழுதுகிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் பத்துத் தடவை படித்தேன். அம்மாவின் முதல் வருஷ நினைவு நாளுக்கு வரமாட்டேன், அந்த வண்டி வாசலில் நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது, அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். நான் 'சரி' என்று பதில் போட்டேன். அந்த ஒரு சொல்லைத் தட்டியது நான் செய்த பழைய அயோக்கியத்தனத்தின் தொடர்ச்சி. சரி இல்லை, கண்ணு. ஏன் சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதிக் கதை உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கு வரும்.

புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது என்று சேலத்தில் சொன்ன மாதத்தில்தான் நீ அந்த வண்டியை வாங்கினாய். எஸ்டேட் ஜீப்பில் மலையின் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறினால் உன் அம்மாவால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், பெங்களூரில் எவரோ ஓட்டிச் சலித்த ஒரு பெரிய வெளிநாட்டுக் காரைத் தேடிப் பிடித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். ஸ்பிரிங்குக்குப் பதில் நாலு சக்கரத்துக்கும் நாலு காற்றுப் பைகள். ஒரு சின்னக் கம்ப்ரஸர் அவற்றுக்குக் காற்றை அனுப்பும். பாரம் கூடினால் வண்டி தானே நிமிர்ந்து தன் உயரத்தைச் சரிசெய்துகொள்ளும். "நாலு பலூன் மேல ஓடற வண்டிக்கு மெக்கானிக் எதுக்குடா, பலூன்காரன் போதும்" என்று உன்னைக் கிண்டல் செய்தேன். நீ சிரித்தாய். முதல் தடவை அதில் கீழே இறங்கியபோது அம்மா பின் சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டாள். அடிவாரத்தில் விழித்துக்கொண்டு, "ஏனுங்க, இன்னும் கெளம்பலீங்களா?" என்று கேட்டாள். நீ கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி வெளியே பார்த்தேன்.

நீ போய் நாலு மாதம் கழித்து, ஒரு காலையில் வண்டி அடைகாக்கும் கோழி போலத் தரையோடு உட்கார்ந்திருந்தது. கம்ப்ரஸர் ஓடியது, காற்று ஏறவில்லை. உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்புங்கள், இந்த வேலையே செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றாய். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை லாரிக் கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டியவன், என் பிள்ளையின் வண்டியை வேறு ஒருத்தன் கையில் கொடுப்பேனா? நான் பிடித்த பிடியில் நீ விட்டுக்கொடுத்து, புது ரிங், ரப்பர் வளையங்கள், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் வெள்ளைக் குருணை எல்லாவற்றையும் பார்சலில் அனுப்பினாய். கூடவே போனில் உன் குரலையும் பதிந்து அனுப்பினாய். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. "அப்பா, ஒண்ணே ஒண்ணுங்கப்பா. அதுல எண்ணெ, கிரீஸ் எதுவுமே போடாதீங்க. அது காஞ்சே ஓடற மெஷினு. லாரி மாதிரி இல்லைங்கப்பா. நொம்ப முக்கியம்."

வாசலில் வெயிலுக்காக நாற்காலி போட்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்த உன் அம்மாவும் அதைக் கேட்டாள். நான் கிரீஸ் டப்பாவைத் திறந்ததும், "புள்ள வேண்டாங்கறானுங்களே" என்றாள்.

"அவன் கம்ப்யூட்டர்ல படிச்சுப்போட்டுச் சொல்றான். எண்ணெ இல்லாம எந்த மெஷினு ஓடும்? நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். நாற்பது வருஷம் அப்படி இருந்து பழகியவள். லாரிக் கம்ப்ரஸர் எஞ்சினிலிருந்து எண்ணெய் குடித்துக்கொண்டே ஓடுவது. எண்ணெய் வற்றினால் பிடித்துக்கொள்ளும். அந்தப் பயம் என் விரலில் ஊறியிருந்தது. சிலிண்டர் முழுக்க மஞ்சள் கிரீஸை ஆள்காட்டி விரலால் வழித்துத் தடவினேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் அவ்வளவு பிரியமாகத் தடவினேன் என்று இப்போது நினைத்தால் அந்த விரலை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

மாட்டியதும் வண்டி நிமிர்ந்துவிட்டது. நாலு பக்கமும் ஒரே உயரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் ஓட்டிப் போய், டீக்கடை வாசலில் நிறுத்தி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பெருமை அடித்தேன். உனக்குப் போட்டோ அனுப்பினேன். அந்த வாரம்தான் அம்மாவுக்குக் கரண்ட் வைக்க, அதுதான் ரேடியேஷன், சேலம் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். நோய் தீராது, வலியாவது குறையும் என்று சொன்னார்கள். கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் வந்து, "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிரட்டுங்களா? படுத்த வாக்குல போயிரலாமுங்க" என்று கேட்டார். "எதுக்குங்க, பையன் வண்டி ரெடியா இருக்குது" என்று அவரை அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கும் அந்த வண்டியில் போகத்தான் ஆசை. அது நீ வாங்கியது என்பதால் ஆசை. நான் பழுது பார்த்தது என்பதால் அல்ல.

இருபதாவது வளைவிலிருந்து பதினைந்து வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தாள். பதினான்கில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்பக்கம் மெதுவாக இறங்கியது. ஓரமாக நிறுத்தி, கம்ப்ரஸர் ஆறட்டும் என்று இருபது நிமிஷம் காத்திருந்தேன். பானெட் மேல் குரங்குகள் ஏறி உட்கார்ந்தன. கிளப்பியதும் கொஞ்சம் நிமிர்ந்தது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மறுபடி உட்கார்ந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அம்மா, "நிறுத்தாதீங்க. நின்னு நின்னு போனா நொம்ப வலிக்குதுங்க. ஓட்டிருங்க" என்றாள். காற்று இல்லாத அந்த வண்டி மாட்டு வண்டியைவிடக் கேவலம். சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர்க் கட்டை மட்டும்தான். ஒவ்வொரு பள்ளமும் அவள் முதுகில் நேராக இடித்தது. துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தாள். ஏழாவது வளைவுக்குக் கீழே, பாலம் கட்டத் தோண்டிய இடத்தில் வண்டி ஒரு முறை தூக்கிப் போட்டது. அம்மாவிடமிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவளால் காலை அசைக்க முடியவில்லை.

எலும்பு முறிந்து நரம்பை அழுத்திவிட்டது என்றார் டாக்டர். "ஏற்கெனவே அரிச்சுப்போன எலும்புங்க, கட்டில்ல புரண்டு படுத்திருந்தாலும் ஒடிஞ்சிருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிலில் புரண்டு அது ஒடியவில்லையே. நோயை நான் கொண்டுவரவில்லை, அது தெரியும். அவளுடைய கடைசிப் பத்தொன்பது நாளின் வலியைக் கொண்டுவந்தவன் நான்.

மூன்றாம் நாள் நீ விமானத்தில் வந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டாய். "வண்டி என்னாச்சுங்கப்பா? சரியாத்தானே இருந்துது?"

என் வாயிலிருந்து அது யோசிக்காமலே வந்தது. "உன் வண்டி கவுத்திருச்சு சாமி. பழைய காத்துப் பை, கிழிஞ்சு போயிருந்திருக்குது. நான் கம்ப்ரஸரைத்தான் பாக்க முடியும், பைக்கு நான் என்ன பண்ணட்டும்?" பையை நான் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. உன் முகம் ரத்தமில்லாமல் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். பார்த்தும் அதைத் திருத்தவில்லை.

இதற்கு முன்னாலும் ஒரு தடவை இப்படித்தான் செய்திருக்கிறேன். நீ ஏழாவது படித்தபோது மஞ்சக்குட்டையில் எஸ்டேட் ஜீப் உருண்டது உனக்கு நினைவிருக்கும், தாடையில் அந்தத் தழும்பு இருக்கும்வரை மறக்காது. மேட்டில் ஜீப்பை நிறுத்தினால் பின் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுக்க வேண்டும். அதன் பிரேக் அப்படி. அதற்கென்றே ஒரு கருங்கல்லை ஜீப்பிலேயே வைத்திருந்தேன். அன்று உன்னை உள்ளே உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஜீப் உன்னோடு சேர்ந்து சரிந்து, காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு போய் ஒரு மரத்தில் மோதி நின்றது. ஓடி வந்தவர்கள் முன்னால், "பையன் பிரேக்கைப் புடிச்சு வெளையாடிட்டானுங்க" என்று சொன்னேன். சொன்னது உண்மை மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக, ரத்தம் வழிந்த முகத்தோடு நின்ற உன்னை அடித்தேன். நீ "நான் தொடவே இல்லைங்கப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். சாயங்காலம் உன் அம்மா ஷெட்டைப் பெருக்கப் போனவள், அங்கிருந்தே கூப்பிட்டாள். "ஏனுங்க, கல்லு இங்கயே கெடக்குதுங்க." காலையில் ஜீப்பைக் கழுவியபோது அதை இறக்கி வைத்த நான் திரும்ப ஏற்றவில்லை. உன்னிடம் நான் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. எத்தனை வருஷம் ஆயிற்று! இப்போது சொல்கிறேன். நீ பிரேக்கைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்று, நீ இளநீர் வாங்கக் கீழே இறங்கிப் போனாய். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஏனுங்க... கல்லு எங்கீங்க கெடக்குது?"

அந்த நேரம் உள்ளே வந்த நர்ஸிடம், "மருந்து மயக்கமுங்க, சம்பந்தமில்லாமப் பேசுறாங்க" என்றேன். அம்மா மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் தண்ணீர் கேட்டாள், ஜெபம் பண்ணச் சொன்னாள், உனக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரித்தாள். இந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லாமலே அவளைப் புதைத்துவிட்டேன்.

கல்லறையில் மண் போட்டு முடித்ததும் நீ என் தோளில் சாய்ந்துகொண்டு, "பழைய வண்டியை வாங்கி நான்தாங்கப்பா அம்மாவைக் கொன்னுபோட்டேன்" என்றாய். உன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்தால் ஆமாம் என்று அர்த்தம் என எனக்குத் தெரியாதா? மாரமங்கலத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கேட்டதற்கும் காற்றுப் பை கிழிந்த கதையைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே சுலபமாக வந்தது. நீ திரும்பிப் போனபின் அங்கே வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டாய் என்று உன் வாயாலேயே சொன்னாய். அப்போதும் நான், "பஸ்ஸே நல்லதுதான் சாமி" என்றேன். எப்படிப்பட்ட அப்பன் நான் என்று நீயே பார்த்துக்கொள்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து வண்டியை மலைக்கு இழுத்து வந்தேன். வேலையில் இறங்கினேன். குறையைக் கண்டுபிடிக்க என்று சொன்னால் அது பொய். உன் காற்றுப் பையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் இறங்கினேன். ஒரே ஒரு ஊசித் துவாரம் இருந்துவிட்டால் போதும், நான் சொன்னது உண்மையாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் டயருக்கு அடிக்கும் காற்றை எடுத்து ஒவ்வொரு பையாக ஊத வைத்து, சோப்பு நுரையைத் தடவி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு குமிழி வருமா என்று பார்த்தேன். ஆண்டவரே ஒரு குமிழி வரட்டும் என்று வாய்விட்டு ஜெபித்தேன். இப்படியும் ஒரு ஜெபம். நாலு பையும் வாரக் கணக்கில் காற்றை இழக்காமல் நின்றன. பிறகு குழாய்கள். பிறகு மூட்டுகள். கம்ப்ரஸருக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயைப் புதிதாக மாற்றினேன். உயரத்தை அளக்கும் கம்பிகளைக் கழற்றி மாட்டினேன். எல்லாம் சுத்தம். நீ நல்ல வண்டிதான் வாங்கியிருந்தாய்.

ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருத்தனிடமும் முதல் நாள் நான் சொல்வது ஒன்று உண்டு. சரியாக ஓடிய வண்டி ரிப்பேருக்குப் பிறகு கெட்டால், கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பார். அதை ஊருக்கெல்லாம் சொன்னவன், வண்டி முழுக்கத் துழாவிவிட்டு அந்த ஒரு இடத்தை மட்டும் பதினோரு மாதம் திறக்காமல் வைத்திருந்தேன். கம்ப்ரஸரைப் பார்க்காமல் அதைச் சுற்றியே வேலை செய்தேன். மழை, கை வலி, சாமான் வரவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உன் செய்தி வந்த மறுநாள்தான் நாலு போல்ட்டையும் கழற்றினேன்.

உதிரியாக ஓட வேண்டிய வெள்ளைக் குருணை, நெய் ஊற்றிப் பிசைந்த ஜவ்வரிசி போல ஒரே உருண்டையாகப் பிடித்திருந்தது. சிலிண்டரில் நான் தடவிய கிரீஸ்தான். சூட்டில் உருகி, காற்றோடு போய்க் குருணையை அடைத்து, அதைத் தாண்டி வெளியேற்றும் வால்வில் ஒட்டி, வால்வை மூட விடாமல் பிடித்திருந்தது. சும்மா நிற்கும்போது பைகளின் வாயை வேறு வால்வுகள் மூடியிருக்கும், அதனால்தான் அப்போது வண்டி இறங்கவில்லை. வளைவில் பாரம் மாறி, வண்டி நிமிர முயன்ற ஒவ்வொரு தடவையும் பைக்குப் போக வேண்டிய காற்று வெளியே போயிற்று. உன் அம்மாவுக்காக அது நிமிரத்தான் பார்த்திருக்கிறது. நான்தான் விடவில்லை. உன் குரலை மறுபடி போட்டுக் கேட்டேன். "நொம்ப முக்கியம்" என்று எவ்வளவு தன்மையாகச் சொல்லியிருக்கிறாய்!

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் அது. கொடுத்துவிட்டு அதையும் நீதான் சுமப்பாய். என் மேல் கோபப்படு. வராதே என்றால் வரமாட்டேன், பேசாதே என்றால் பேசமாட்டேன். ராத்திரி படுத்தால் அந்தச் சின்னச் சத்தம் கேட்கிறது, அது எனக்கு உரியது, கடைசிவரை கேட்கட்டும். உன் பங்கு அதில் எதுவுமில்லை என்பதை மட்டும் நம்பு. நாளைக்கே ஒரு வண்டியை எடுத்து ஓட்டு. அப்பன் என்ற முறையில் உனக்குச் சொல்ல எனக்கு வேறு புத்திமதி இல்லை, சொல்லும் யோக்கியதையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அம்மாவுக்கு நினைவு ஜெபம். குடும்பத்தில் ஒருவர் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். மாரமங்கலத்துக்காரர்கள் வருவார்கள், ரைட்டரும் வருவார். அம்மா எவ்வளவு நல்லவள் என்று நான் பேசுவேன் என எதிர்பார்ப்பார்கள். அது அவர்களுக்கே தெரியும். நான் அந்தக் குருணை உருண்டையை ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். அதை எடுத்துப்போய்க் காட்டி, நடந்ததைச் சொல்லப் போகிறேன். ஜீப்பிலிருந்து தொடங்கிச் சொல்லுவேன். அவள் கேட்டதற்கு இப்படித்தான் இனி பதில் சொல்ல முடியும்.

வண்டியை இரும்புக்காரனுக்குக் கொடுக்கவில்லை. வால்வைக் கழுவி, புதுக் குருணை போட்டு, சிலிண்டரைச் சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்து, நீ சொன்னபடி காய்ந்தே ஓட விட்டேன். நேற்று இருபது வளைவும் இறங்கி ஏறினேன். பின் சீட்டில், அவள் படுத்த இடத்தில், ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். ஏழாவது வளைவுக்குக் கீழே அந்தத் தோண்டிய இடத்தை இன்னும் மூடவில்லை. அதிலும் இறக்கி ஏற்றினேன். மேலே வந்து திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் சிந்தவில்லை, கண்ணு. உன் வண்டியில் எந்தக் குறையும் இல்லை.

அப்பா